தோல் உள்ள பண்டங்கள்

பிப்ரவரி 3, செவ்வாய்

டாக்டர் தினமும் எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறார். செண்பகவல்லி என்ன சாப்பிட்டாள், எப்படித் தூங்கினாள், யாரோடு பேசினாள் என்று. மோட்டார் காயில் கம்பி விற்கிற கடைக்காரர் இங்கிலீஷ் வருஷப் பிறப்புக்குக் கொடுத்த இந்த டைரி பட்டறை மேசையில் சும்மா கிடந்தது. கோவில்பட்டியில் மிக்சி, கிரைண்டர் ரிப்பேர் பார்க்கிறவன் எழுதுவது என்ன இருக்கிறது? 'ஜார் ஒழுகுது', 'சுவிட்ச் போச்சு' என்று சீட்டு எழுதி ஒட்டுவதோடு என் எழுத்து முடிந்துவிடும். இனிமேல் பெண்டாட்டிக்கும் சீட்டு எழுத வேண்டும்.

இன்று அவள் சாப்பிட்டது: வாழைப்பழம், அவித்த முட்டை, வேர்க்கடலை. தோல் உள்ள பண்டங்கள் மட்டும்தான். பழத்தை அவளே உரிப்பாள். முட்டையை அவளே உடைப்பாள். ஓட்டில் கீறல் இருந்தால் தொட மாட்டாள். இளநீர் என்றால் தன் கண் முன்னால் வெட்ட வேண்டும். சோறு தின்று மூன்று வாரம் இருக்கும். கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு நிற்கிறது.

என் அக்கா தங்கபுஷ்பத்தின் மகன் கல்யாணத்தில் சாப்பிட்ட அதிரசத்தில் ஆரம்பித்தது இது. அக்கா அதில் இடுமருந்து கலந்துவிட்டாளாம். ஆகாதவர்கள் பலகாரத்தில் எதையோ கலந்து கொடுத்தால் அது வயிற்றில் ஒட்டிக்கொண்டு ஆளை உருக்குலைக்கும் என்று எங்கள் பக்கத்தில் ஒரு நம்பிக்கை. முதலில் அக்கா மட்டும்தான் கலந்தாள். பிறகு பால்காரர், பக்கத்து வீடு, அவளுடைய சொந்தத் தம்பி பெண்டாட்டி என்று பட்டியல் நீண்டுவிட்டது.

திருநெல்வேலி டாக்டரிடம் கூட்டிப் போனேன். உள்ளே வர மாட்டேன் என்று வெளிப் பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டாள். நான்தான் உள்ளே போய் எல்லாம் சொன்னேன். மனநோய்தான், மாத்திரை போட்டால் சரியாகும் என்றார். வீட்டுக்கு வந்ததும் மாத்திரையைப் பிதுக்கி உள்ளங்கையில் வைத்து, தண்ணீரோடு நீட்டினேன். வாங்கிக்கொண்டு போய்ச் சாக்கடையில் போட்டாள். "வயித்துல இருக்கிற மருந்து போதாதுன்னு நீங்க வேற ஒண்ணு குடுக்கீகளா?" என்று கேட்டாள்.

பிப்ரவரி 6, வெள்ளி

முட்டை. பழம். தூக்கம் இல்லை.

பிப்ரவரி 11, புதன்

செண்பகத்தின் தம்பி மகாராசன் வந்திருந்தான். எட்டயபுரம் பக்கம் ரோணிக்கம் என்று ஒரு பொம்பிளை இடுமருந்து எடுக்கிறாளாம், கூட்டிப் போவோம் அத்தான் என்றான். எனக்குச் சிரிப்புதான் வந்தது. பன்னிரண்டு வரை படித்தவன் நீயே இப்படிப் பேசினால் என்று ஆரம்பித்தேன். அவன் அடுப்படி வாசலில் நின்று அக்காளையே பார்த்துக்கொண்டிருந்தான். செண்பகம் முட்டை ஓட்டை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. சரி, வெள்ளிக்கிழமை போவோம் என்றேன்.

பிப்ரவரி 13, வெள்ளி

ரோணிக்கத்துக்கு என் வயதுதான் இருக்கும். ஆஸ்பெஸ்டாஸ் போட்ட வீடு. முன்பக்கம் மாதா படமும், பெரிய மாரியம்மன் காலண்டரும் பக்கத்தில் பக்கத்தில். அரைமணி நேரம் செண்பகத்தைப் பேசவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். அதிரசக் கதையை நான் நூறு முறை கேட்டிருக்கிறேன். ஆனால் அதற்குப் பிறகு அவள் படும் பயத்தைப் பற்றி இன்றுதான் கேட்டேன். சோற்றைப் பார்த்தால் வாயில் எச்சில் ஊறுகிறதாம். கை மட்டும் போக மாட்டேன் என்கிறதாம். பசியிலேயே செத்துப்போவேனோ என்று பயமாக இருக்கிறதாம்.

ரோணிக்கம் அவள் வயிற்றில் வெற்றிலை வைத்து, அதன்மேல் குழலை வைத்து உறிஞ்சி, கிண்ணத்தில் துப்பினாள். கருப்பாக ஒரு உருண்டை, மயிர் சுற்றினாற்போல. கடைவாயில் ஏற்கெனவே அடக்கி வைத்திருப்பாள், எனக்கென்ன தெரியாதா. செண்பகம் அந்த உருண்டையைப் பார்த்துவிட்டு ஓவென்று அழுதாள். பல மாதம் அடைத்துக் கிடந்த ஏதோ திறந்துகொண்டது போல இருந்தது.

இனி வயிறு ஆறும் வரை ஒரே கை சமைத்துத்தான் சாப்பிட வேண்டும், பல கை பட்டது கூடாது என்று ரோணிக்கம் சொன்னாள். "யார நம்புத? அவுக கையால மட்டும் சாப்பிடு."

செண்பகம் தம்பியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "இவுக கையால," என்றாள்.

எங்களுக்குப் பிள்ளை குட்டி கிடையாது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் என்னைப் பற்றி அடுத்தவர்கள் முன்னால் சொன்ன நல்ல வார்த்தை அது ஒன்றுதான். திரும்பி வருகிறபோது பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து தூங்கினாள்.

பிப்ரவரி 14, சனி

பட்டறையைப் பாதியில் பூட்டிவிட்டு டாக்டரிடம் தனியாகப் போனேன். நடந்ததைச் சொன்னேன். நான் கொடுத்தால் சாப்பிடுவாள் என்றும் சொன்னேன். டாக்டர் ரொம்ப யோசித்தார். பிறகு ஒரு சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார். நிறமும் இல்லை, ருசியும் இல்லை. ஆள் தெளிகிற வரைக்கும்தான் இப்படிக் கொடுக்க வேண்டும், தெளிந்ததும் நீங்களே பக்குவமாகச் சொல்லி இங்கே கூட்டி வந்துவிடுங்கள், நாள் கடத்தாதீர்கள் என்றார். வேறு யாரும் தவறிக் குடித்துவிடக் கூடாது, முக்கியமாக இருதயக் கோளாறு உள்ளவர்கள் என்றும் எச்சரித்தார்.

பாட்டிலை ஸ்க்ரூ டப்பாவுக்குள் ஒளித்து வைத்திருக்கிறேன்.

பிப்ரவரி 15, ஞாயிறு

காப்பி போட்டேன். "மொத வாய் நீங்க குடிங்க," என்றாள். குடித்தேன். சூடாக இருக்கிறது, ஆற்றிக் கொண்டு வருகிறேன் என்று அடுப்படிக்குப் போனேன். ஆற்றும்போது சொட்டு விட்டேன். அவள் மிச்சம் வைக்காமல் குடித்தாள்.

மத்தியானம் ரசம் சோறு. இன்னொரு கரண்டி வைத்தேன், அதையும் தின்றாள்.

பிப்ரவரி 20, வெள்ளி

இட்லி மூன்று. நன்றாகத் தூங்கினாள். இரண்டு கிரைண்டர் டெலிவரி.

மார்ச் 8, ஞாயிறு

மகாராசன் வந்து அக்காளைப் பார்த்துவிட்டு, பார்த்தீர்களா அத்தான், ரோணிக்கம் கை ராசியான கை என்றான். ஆமாம் என்றேன். தெருவில் எல்லோரும் அதையேதான் சொல்கிறார்கள். எங்கள் தெருவிலிருந்தே நாலு பேர் எட்டயபுரம் பஸ் ஏறிவிட்டார்கள். உண்மை எனக்கும் டாக்டருக்கும் ஸ்க்ரூ டப்பாவுக்கும் மட்டும்தான் தெரியும். யாரிடமாவது சொல்ல வேண்டும் போல வாய் துறுதுறுக்கிறது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

செண்பகம் பூக்காரியோடு பேரம் பேசிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாளாயிற்று. சமையலிலும் எனக்குக் கை தேறியிருக்கிறது. என் சாம்பாரை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, "உங்க கைக்கு இம்புட்டு ருசி இருக்குன்னு எனக்கு இத்தன நாளாத் தெரியாமப் போச்சே," என்றாள்.

மார்ச் 21, சனி

டாக்டர் ஆளைக் கூட்டி வரவில்லையா என்று கேட்டார். சொல்லிவிட்டீர்களா என்றும் கேட்டார். இப்போதுதானே தேறி வருகிறாள், அடுத்த வாரம் சொல்கிறேன் என்றேன்.

ஏப்ரல் 14, செவ்வாய்

வருஷப் பிறப்பு. செண்பகமே வடை பாயசத்தோடு சமைத்தாள். தான் சமைத்ததைத் தானே சாப்பிட்டாள். அடுப்படி என் கையைவிட்டுப் போய்விட்டது. காலைக் காப்பியை மட்டும் நான் விடவில்லை. "வேணாம்னாலும் கேக்க மாட்டேங்கீக. காப்பிக் கடை வைக்கப் போறீகளா?" என்று கேலி செய்கிறாள். முதல் வாய் குடித்துக் காட்டச் சொல்வதையும் நிறுத்திவிட்டாள். நானாகக் குடிக்கப் போனாலும் டம்ளரைப் பறித்துக்கொள்கிறாள்.

நல்ல நாளில் எதற்கு என்று இன்றும் சொல்லவில்லை.

மே 3, ஞாயிறு

நேற்று டாக்டரிடம் போயிருந்தேன். கொஞ்சம் கோபமாகவே பேசினார். அவருக்கென்ன, வீட்டில் இருந்து பார்க்கிறவன் நான். சொன்னால் மருந்தை நிறுத்திவிடுவாள். நிறுத்தினால் பழையபடி முட்டை ஓடு. இதெல்லாம் நியாயமான காரணங்கள்தான். காலையில் அவள் இரண்டு கையாலும் டம்ளரை வாங்கிக்கொண்டு என்னைப் பார்க்கிற பார்வையை எழுதினால் அது நியாயமான காரணம் போல இருக்காது.

மே 17, ஞாயிறு

செண்பகத்துக்குக் கை நடுங்குகிறது. மல்லிகை கட்டுவதில் அவளை மிஞ்ச எங்கள் தெருவில் ஆள் கிடையாது. இன்று நார் விரலில் நிற்காமல் பூவெல்லாம் மடியில் உதிர்ந்தது. உடம்பும் கனத்துவிட்டது. உட்கார்ந்த இடத்தில் தூங்குகிறாள். வயசாகிறதில்லையா என்றேன். அவள் உதிரிப் பூவைப் பொறுக்கி முழ நீளத்துக்கு வரிசையாக வைத்துப் பார்த்துவிட்டு, கட்டாமலே சாமி படத்தின் முன்னால் குவித்தாள்.

மே 22, வெள்ளி

பழைய இடுமருந்தில் கொஞ்சம் வயிற்றில் தங்கிவிட்டது, அதனால்தான் கை நடுங்குகிறது என்று அவளாகவே முடிவு கட்டி, ரோணிக்கத்திடம் கூட்டிப் போகச் சொன்னாள். போனோம்.

ரோணிக்கம் அவளுடைய கையைப் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தாள். வேப்ப மரத்தடிக்கு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, ஆஸ்பத்திரி மருந்து ஏதும் போகிறதா என்று கேட்டாள். போனால் தப்பில்லை, நானே பல பேரை அங்கே அனுப்புகிறவள்தான் என்றாள். இல்லை என்று சொல்லிவிட்டேன். உள்ளே போய்க் குழலை எடுத்தாள். இன்றைக்கும் ஒரு உருண்டை வந்தது. நான் ஆற்றிக் கொடுக்கிற காப்பிக்கு எட்டயபுரத்தில் உருண்டை வருகிறது! சிரிக்கலாம் என்றால் சிரிப்பு வரவில்லை. செண்பகம் நிம்மதியாகக் கண்ணை மூடிக் கிடந்தாள்.

ஜூன் 9, செவ்வாய்

இன்று அவளாகவே என் அக்காவுக்குப் போன் போட்டாள். "மதினி, நான் உங்கள ரொம்பப் பேசிட்டேன். அன்னைக்கு எனக்குப் புத்தி சரியில்ல. ஞாயித்துக்கெழம வீட்டுக்கு வாங்க," என்றாள். அந்தப் பக்கம் அக்கா அழுதது எனக்கே கேட்டது. ஊரில் அக்காவுக்கு இடுமருந்துக்காரி என்ற பேர் வந்துவிட்டது. மகள் வயிற்றுப் பேரன் பிறந்தநாளுக்குக் கொடுத்த லட்டைக்கூடச் சிலர் வாங்கவில்லையாம்.

புத்தி சரியில்லை என்று அவளே சொல்கிறாள். இதைவிட நல்ல நேரம் வராது. ஞாயிற்றுக்கிழமை அக்கா வந்து போனதும் சொல்லிவிடுவேன்.

ஜூன் 14, ஞாயிறு

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடந்தபடியே எழுதுகிறேன்.

அக்கா வந்தாள். இரண்டு பேரும் கட்டிப்பிடித்து அழுதார்கள். செண்பகம் முறுக்கு எடுத்து வைத்தாள். நான் காப்பி போட்டு எல்லோருக்கும் கொண்டுவந்தேன். செண்பகத்தின் டம்ளரில் வழக்கம்போல ஆற்றும்போது சொட்டு விட்டிருந்தேன்.

செண்பகம் தன் டம்ளரைக் கையில் எடுத்தாள். குடிக்கப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். அதை அக்காவிடம் நீட்டினாள். "இது இவுக எனக்குன்னு ஆத்துன காப்பி மதினி. இதக் குடிச்சுத்தான் நான் பொழச்சேன். இன்னைக்கு நீங்க குடிங்க, உங்களத நான் குடிக்கேன். இனி நமக்குள்ள சந்தேகம் வேணாம்," என்றாள்.

அக்காவுக்கு இருதயத்தில் வால்வு மாற்றி இரண்டு வருஷம் ஆகிறது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு டம்ளரை வாங்கி உயர்த்தினாள். நான் பாய்ந்து தட்டிவிட்டேன். காப்பி சுவரெல்லாம் தெறித்தது. டம்ளர் உருண்டு போய்க் கட்டிலடியில் நின்றது.

செண்பகம் சுவரில் வழிந்த காப்பியைப் பார்த்தாள். பிறகு என் கையைப் பார்த்தாள். முகத்தை ஏறிட்டுப் பார்க்கவே இல்லை.

"அப்ப, இருந்துருக்கு," என்றாள்.

நான் ஓடிப் போய் ஸ்க்ரூ டப்பாவிலிருந்து பாட்டிலை எடுத்து வந்தேன். டாக்டர் சீட்டைக் காட்டினேன். இது விஷம் இல்லை, இதனால்தான் உனக்குக் குணமானது, ரோணிக்கத்தால் ஒன்றும் இல்லை என்றெல்லாம் சொன்னேன். சொல்லச் சொல்ல அவள் சுவரோடு ஒட்டிக்கொண்டே போனாள்.

"மொத நாள்லேர்ந்தா?"

ஆமாம் என்றேன்.

"மொத வாய் நீங்க குடிச்சீகளே."

அதற்குப் பிறகு ஆற்றும்போது என்று சொன்னேன். புரிந்தது போலத் தலையாட்டினாள். துணி எடுத்து வந்து சுவரைத் துடைக்க ஆரம்பித்தாள். கை நடுங்கியது. ஒரு தடவை துடைப்பதை நிறுத்திவிட்டு விரலையே பார்த்தாள். அதற்கும் பதில் கிடைத்துவிட்டது போல.

அக்கா செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். இத்தனை மாதமாக ஊர்ப் பேச்சு வாங்கியவள். என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். "அவ சொன்னது பொய்யில்லடா," என்றாள். "ஆளத்தான் மாத்திச் சொல்லிட்டா."

ஜூன் 15, திங்கள்

வாழைப்பழம். முட்டை.

ஜூன் 18, வியாழன்

மகாராசன் வந்து கூட்டிப் போனான். அவள் சண்டை போடவில்லை, அழவில்லை. தண்ணீர்ப் பாட்டிலை மட்டும் தெருக்குழாயில் தானே பிடித்துக்கொண்டு போனாள். மருந்தை வைத்துக்கொள் என்று மகாராசனிடம் பாட்டிலை நீட்டினேன். "அத நீங்களே வச்சுக்கோங்க அத்தான்," என்றான்.

ஜூன் 27, சனி

இன்று மூன்று மிக்சி வந்தன. ஒன்றையும் பிரிக்கவில்லை.

ஜூலை 5, ஞாயிறு

செண்பகத்துக்குத் தூக்கம் போய்விட்டது, தம்பி வீட்டுத் தண்ணீரையும் குடிக்க மாட்டேன் என்கிறாள் என்று மகாராசன் போன் செய்தான். நான் வரட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றான். உங்கள் பேரைச் சொன்னாலே வாயைப் பொத்திக்கொள்கிறாள் என்றான்.

ஜூலை 12, ஞாயிறு

மகாராசன் சொன்னதை அப்படியே எழுதி வைக்கிறேன்.

செண்பகத்தை ரோணிக்கத்திடம் கூட்டிப் போயிருக்கிறான். அவள் குழலை எடுக்கவில்லையாம். இனி எடுக்க வயிற்றில் ஒன்றும் இல்லை, பயம்தான் இருக்கிறது, அதற்கு ஆஸ்பத்திரி மருந்து வேண்டும், நானும் கூட வருகிறேன் என்று சேலையை மாற்றிக்கொண்டு கிளம்பிவிட்டாளாம். பெரியாஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர். செண்பகத்தை எதிரில் உட்கார வைத்து, நடந்ததை அவள் வாயாலேயே கேட்டாராம். உங்களுக்குத் தெரியாமல் கொடுத்தது தப்பு என்று முதலில் சொன்னாராம். ரோணிக்கம் வெளியே போகவா என்று கேட்டதற்கு, இருங்கள், அவருக்குத் தைரியமாக இருக்கும் என்றாராம். பிறகு மாத்திரை அட்டையைப் பிரிக்காமல் செண்பகத்தின் கையில் கொடுத்து, இதுதான் பேர், இன்னின்னது செய்யும், கை நடுங்கினால் சொல்லுங்கள், மாற்றலாம் என்றிருக்கிறார்.

செண்பகம் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாளாம். எங்கேயும் கிழிசல் இல்லை என்று தெரிந்ததும், தானே ஒன்றைப் பிதுக்கி வாயில் போட்டுக்கொண்டாளாம்.

மாத்திரைக்கும் தோல் இருக்கிறது. பிப்ரவரியில் அதை உரித்துவிட்டுத்தான் நீட்டினேன். அன்றைக்கு அட்டையோடு கொடுத்திருந்தால் வாங்கியிருப்பாளோ, மாட்டாளோ. அந்தக் கேள்வியை இனி யாரிடம் கேட்பது?

ஆகஸ்ட் 2, ஞாயிறு

சோறு சாப்பிடுகிறாளாம். தம்பி பெண்டாட்டி சமைத்ததைச் சாப்பிடுகிறாளாம். மாத்திரையைத் தினமும் அவளே பிதுக்கிக்கொள்கிறாள். வெள்ளிதோறும் ரோணிக்கத்தின் வீட்டுக்குப் போய் மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றுகிறாள். சந்தோஷமாக இருந்தது. பிறகு பொறாமையாக இருந்தது. யார் மேல் என்று சொல்லத் தெரியவில்லை.

செப்டம்பர் 13, ஞாயிறு

இன்று செண்பகம் வந்தாள். சேலை, ரேஷன் கார்டு எல்லாம் எடுத்துப் போக மகாராசனோடு வந்தாள். தலையில் மல்லிகை. நெருக்கமாக, பழைய மாதிரி அவளே கட்டிய சரம். கை நடுங்கவில்லை.

உட்காரச் சொன்னேன். காப்பி போடலாம் என்று எழுந்தேன். பிறகு உட்கார்ந்துவிட்டேன். அவளும் அதைப் பார்த்தாள். மகாராசன் பைகளைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவுக்குப் போனான்.

செண்பகம், நான் செய்தது தப்பு, மன்னித்துவிடு என்றேன். இத்தனை நாள் பட்டறையில் தனியாகச் சொல்லிப் பார்த்த வார்த்தைகளில் இவ்வளவுதான் வந்தது. வீட்டுக்கு வந்துவிடு என்றும் கேட்டேன்.

அவள் சுவரைப் பார்த்தாள். காப்பிக் கறை இன்னும் லேசாக இருக்கிறது. நான் வெள்ளையடிக்கவில்லை.

"எனக்கு உங்க மேல கோவம் இல்லங்க," என்றாள். "நான் சாகக் கூடாதுன்னுதான் செஞ்சிருக்கீக, அது தெரியுது. இப்பவும் சில நேரம் சோத்தப் பாத்தா பயம் வரும். அங்கன அந்தப் பயம் வந்தா, இது சீக்கு, நெசம் இல்லன்னு எனக்கு நானே சொல்லிக்கிடுவேன். சாப்பிட்டுருவேன். இங்கன பயம் வந்தா அதச் சொல்லிக்கிட முடியாதுல்ல. சீக்கா நெசமான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

அவள் வருகிறாள் என்று காலையிலேயே ஒரு சீப்பு நாட்டுப்பழம் வாங்கி மேசையில் வைத்திருந்தேன். எடுத்துக்கொண்டு போ என்று சொல்ல வாய் வரவில்லை. கிளம்பியவள் மேசையருகில் நின்றாள். சீப்பைத் திருப்பிப் பார்த்து ஒரு பழத்தைப் பிய்த்தாள். தானே உரித்து, நின்றபடியே முழுவதும் சாப்பிட்டாள். தோலை எங்கே போடுவது என்று சுற்றுமுற்றும் பார்த்தாள். நான் கையை நீட்டினேன். என் உள்ளங்கையில் வைத்துவிட்டு, வாரேன் என்று படியிறங்கிப் போனாள்.